31-ஆம் நாள்

தம்பி, உங்கள் தெருவில் பேரூராட்சி போட்ட சிமென்ட் சாலையின் கணக்கைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனு போட்டதாகவும், பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்ததாகவும், அதற்கும் பதில் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு பெரிய கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள்: “தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தினால்தான் அரசாங்கத்தில் ஒளிவுமறைவு போகும் என்கிறார்கள். எதைத் திருத்த வேண்டும்? திருத்தினால் மாறுமா?”

நான் வருவாய்த் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் 6 ஆண்டு பொதுத் தகவல் அலுவலராக இருந்தேன். உங்களைப் போன்றவர்களின் மனுக்கள் வந்து சேர்ந்த மேசை என்னுடையது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்கும் உரிமைக்குப் பஞ்சமில்லை. குடிமக்கள் யாரும் கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று அலுவலர் திருப்பிக் கேட்கக் கூடாது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள். இவ்வளவும் சட்டத்திலும் அதன் விதிகளிலும் பளிச்சென்று இருக்கிறது.

ஓட்டை இருப்பது 31-ஆம் நாளில். பதில் கொடுக்காத அலுவலகத்துக்கு அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. திருத்தம் என்று ஒன்று செய்வதானால் அந்த நாளில் கை வைக்க வேண்டும். அதோடு, 2023-இல் கொண்டுவந்து இப்போது நடைமுறைக்கும் வந்துவிட்ட ஒரு திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

மனு வந்ததும் அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். தபால் பிரிவில் முத்திரை விழுந்து, பதிவேட்டில் ஏறி, என் மேசைக்கு வரும். பொதுத் தகவல் அலுவலர் என்று வாசலில் பலகை இருக்கும். அது எனக்குத் தனி வேலை கிடையாது. இருக்கிற வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. சான்றிதழ்கள், பட்டா மாறுதல், தேர்தல் பணி, மழை வந்தால் நிவாரணம் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் மனுவைப் பார்ப்பேன். கேட்ட கோப்பு என்னிடம் இருக்காது, அந்தப் பொருளைக் கவனிக்கும் எழுத்தரின் பி3 சீட்டில் இருக்கும். பி3-க்கு ஒரு குறிப்பு அனுப்புவேன். அந்த எழுத்தர் பக்கத்து சீட் காலியாக இருப்பதால் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறவர். பதிவறைக்குப் போய்விட்டது, தேடணும் சார் என்பார். இப்படியே பாதி மாதம் ஓடிவிடும். சட்டத்தின் பிரிவு 5(5)-இன்படி, நான் கேட்டும் கோப்பைத் தராதவரையே தகவல் அலுவலராகக் கருதி அவர்மேல் அபராதம் போடலாம். என் 6 ஆண்டுகளில் அந்தப் பிரிவு ஒருவர்மேலும் பாய்ந்து நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது வேலைப் பளுவால் வரும் தாமதம். வேண்டுமென்றே வரும் தாமதம் வேறு. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது.

ஒரு கிராமத்தில் வீட்டுமனைப் பட்டா யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பயனாளிகள் பட்டியலை ஒருவர் கேட்டிருந்தார். கோப்பு என் அலமாரியிலேயே இருந்தது. என் மேலதிகாரி கூப்பிட்டு, “கோப்பு கிடைக்கலைன்னு எழுதிடுங்க” என்றார். எழுதினேன். மனுதாரர் மேல்முறையீடு செய்தார். அந்த மேல்முறையீட்டை விசாரிக்க வேண்டிய அலுவலர் யார் தெரியுமா? அதே மேலதிகாரி. “பொதுத் தகவல் அலுவலரின் பதில் சரியானதே” என்ற உத்தரவை நானே வரைவு எழுதி வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஆண்டு கழித்து, இரண்டாம் மேல்முறையீட்டைக் கேட்கும் மாநிலத் தகவல் ஆணையத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரவுப் பேருந்தில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சென்னை போனேன். 15 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள் என்று உத்தரவாயிற்று. அபராதம் இல்லை. வெளியே படிக்கட்டில் அந்த மனுதாரர் நின்றிருந்தார். சட்டைப் பையில் பேருந்துச் சீட்டு, கையில் ஒரு மஞ்சள் பை. கோப்பைப் பார்த்துவிட்டு, “சார், இது அன்னைக்கே இருந்துச்சா?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஒரு சம்பவத்தில் மூன்று இடத்தில் சட்டம் சறுக்கியிருக்கிறது.

முதலாவது, மேல்முறையீட்டு அலுவலர். அதே அலுவலகத்தில் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் இருப்பவரே முதல் மேல்முறையீட்டைக் கேட்கிறார். கொடுக்காதே என்று சொன்னவரிடமே முறையிட வேண்டிய நிலை. 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லாவிட்டால் அவர்மேல் அபராதம் போட வழியே இல்லை. பிரிவு 20-இன் அபராதம் தகவல் அலுவலரைத்தான் குறி வைக்கிறது. உங்கள் மேல்முறையீடு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். முதல் மேல்முறையீட்டை வேறு துறையைச் சேர்ந்த, மாவட்ட அளவில் இதற்கென்றே உள்ள அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவரும் காலக்கெடு தாண்டினால் அபராதத்துக்கு உட்பட வேண்டும். பணம் பெரிதாகச் செலவாகும் திருத்தம் இல்லை இது.

இரண்டாவது, அபராதம். பதில் தராத ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அதுவும் அலுவலரின் சொந்தச் சம்பளத்திலிருந்து. வேறு எந்தச் சட்டத்துக்கும் நாங்கள் பயப்படாத அளவுக்குத் தொடக்கத்தில் இதற்குப் பயந்தோம். 2006, 2007-இல் ஆர்.டி.ஐ. மனு என்றால் சிவப்பு மையில் எழுதி மேலே வைப்போம். அபராதம் விழுவதில்லை என்று தெரியத் தெரிய அந்தப் பயம் கரைந்துவிட்டது. தகவல் ஆணையங்களைத் தொடர்ந்து ஆய்வு செய்யும் சதர்க் நாகரிக் சங்கதன் என்ற டெல்லி அமைப்பின் 2023-24 அறிக்கைப்படி, அபராதம் விதித்திருக்கக்கூடிய வழக்குகளில் 95 விழுக்காட்டில் ஆணையங்கள் விதிக்கவில்லை. ஆணையர் மனது வைத்தால் விழும் என்ற நிலையை மாற்ற வேண்டும். 31-ஆம் நாளே கணக்கு தானாக ஓடத் தொடங்க வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அலுவலர் அதைச் சொல்லி நிறுத்தட்டும். கோப்பைப் பிடித்து வைத்தவர் மேலதிகாரி என்றால் அபராதம் அவர் சம்பளத்தில் விழட்டும். அன்று அந்தப் பொய்க்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் என் மேலதிகாரியின் சம்பளத்தில் போயிருக்குமானால், அவர் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்.

பதில் வராத மனு தானாகவே மேல்முறையீடாகப் பதிவாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வேன். இணையத்தில் போடும் மனுக்களுக்கு இது கணினியில் ஒரு நாள் வேலை. இன்று மேல்முறையீடு எழுதத் தெரியாமலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் நின்றுவிடுவார்கள் என்பது அலுவலகத்துக்கும் தெரியும்.

மூன்றாவது, ஆணையம். இரண்டாம் மேல்முறையீட்டை 90 நாளுக்குள் செய்ய வேண்டும் என்று நமக்குக் கெடு வைத்த சட்டம், அதை இத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்று ஆணையத்துக்குக் கெடு வைக்கவில்லை. 2024 ஜூன் முடிவில் நாடு முழுக்க ஆணையங்களில் தேங்கிக் கிடந்தவை 4 லட்சத்தைத் தாண்டின. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் ஆணையரே இல்லை. காலியிடங்களைப் பற்றி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது: இடம் காலியாகும் முன்பே தேர்வைத் தொடங்குங்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகளையே பார்க்காமல் மற்றத் துறைகளில் இருந்தும் எடுங்கள், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை வெளியிடுங்கள் என்று. சட்டத்தில் எழுதாததால் அது அறிவுரையாகவே நின்றுவிட்டது.

தேர்வுக் குழுவையும் பாருங்கள். மாநிலத்தில் முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் நியமிக்கும் ஓர் அமைச்சர். மூன்றில் இரண்டு ஆளும் தரப்பு. 2019-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் இதை இன்னும் மோசமாக்கியது. அதற்கு முன் ஆணையர்களுக்கு 5 ஆண்டுப் பதவி உறுதி. தலைமைத் தகவல் ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு நிகரான சம்பளம். இரண்டையும் எடுத்து ஒன்றிய அரசின் கையில் கொடுத்தார்கள். பதவிக் காலம் 3 ஆண்டாகச் சுருங்கியது. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவரின் சம்பளத்தையும் காலத்தையும் அந்த அரசே நிர்ணயிப்பது எப்படிச் சரியாகும்? பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கே 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டத்தில், ஆணைக்குழு உறுப்பினர்களை அரசியலமைப்புப் பேரவை பரிந்துரைக்கிறது. அவர்களில் வழக்கறிஞர் சங்கம், ஊடக அமைப்புகள், குடிமக்கள் அமைப்புகள் முன்மொழிந்தவர்களுக்கு இடம் உண்டு. மேல்முறையீட்டுக்கு ஆணைக்குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற வரியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நம்மைவிடப் பதினோரு ஆண்டு பின்னால் வந்த சட்டம். நம் சட்டத்தின் குறைகளைப் பார்த்து எழுதியது போலவே எனக்குப் படுகிறது.

இனி 2023-இல் வந்த திருத்தம். என்னை உறங்கவிடாமல் செய்வது இதுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே) தனிநபர் விவரங்களைப் பற்றியது. பழைய வாசகத்தில் இரண்டு நிபந்தனை இருந்தது: கேட்கும் விவரத்துக்கும் பொதுப் பணிக்கும் பொது நலனுக்கும் தொடர்பே இல்லை என்றால், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைப்பதாக இருந்தால் மறுக்கலாம். அப்போதும் பெரிய பொது நலன் இருந்தால் கொடுக்க வேண்டும். கீழே ஒரு வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குச் சமமாக என் மனுதாரரை நிறுத்திய வரி அது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் பிரிவு 44(3) இவ்வளவையும் வெட்டிவிட்டு “தனிநபர் விவரம் தொடர்பான தகவல்” என்று மட்டும் வைத்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

வெட்டியது சில வரிகள்தானே என்று நினைக்காதீர்கள். அரசாங்கத்தில் பெயர் இல்லாத காகிதம் எது? டெண்டர் எடுத்தவர் பெயர், பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெயர், ரேஷன் அட்டை வைத்திருப்பவர் பெயர், வீடு ஒதுக்கப்பட்டவர் பெயர், பொறுப்பில் இருந்து இடமாற்றம் ஆனவர் பெயர். ஊழல் நடப்பதே பெயர்களுக்குப் பின்னால்தான். அன்று வீட்டுமனைப் பட்டியலை மறுக்க நான் பொய் எழுத வேண்டியிருந்தது. இன்று அதே பட்டியலை மறுக்க எந்தத் தகவல் அலுவலருக்கும் பொய் தேவையில்லை. “பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது” என்ற ஒற்றை வரி போதும்.

இந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வெட்டின் ஆழம் புரியும். 1987-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் ராஜஸ்தானின் தேவ்துங்ரி என்ற கிராமத்தில் மண் வீட்டில் குடியேறினார்கள். அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு பிறந்தது. பஞ்ச நிவாரணப் பணிகளில் மண் சுமந்த ஏழைகளுக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், வேலை அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய் கூடியது. மக்கள் முன்னால் வருகைப் பதிவேட்டை, அதாவது மஸ்டர் ரோலை, உரக்க வாசிப்பதுதான் அந்தக் கூட்டம். பெயர்களை வாசிக்க வாசிக்க, கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து, அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே என்றார்கள். இப்படிக் கூடிய ஊர்களில் செத்துப்போனவர்களுக்குக்கூடக் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்கள் முழக்கம். அந்தத் தெருவில் இருந்துதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி பிறந்தது. தமிழ்நாடு 1997-லேயே சொந்தமாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. முந்திக்கொண்டதற்குப் பெருமைப்படலாம், ஆனால் அதில் விலக்குகளின் பட்டியல் நீளம்.

கோட் கிரானாவில் வாசித்தவை அத்தனையும் தனிநபர் பெயர்கள். பெயரை எடுத்துவிட்டு வெறும் தொகையை மட்டும் வாசித்திருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்தரங்கம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது நியாயமான தீர்ப்பு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஒருவருடைய நோய், பெண்களின் தொலைபேசி எண் எதுவும் வெளியே போகக் கூடாது. அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே பிரிவு 10 இருக்கிறது: மறைக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடு. ஆதார் எண்மேல் கறுப்பு மையால் கோடு இழுத்து எத்தனையோ நகல் கொடுத்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலை.

பிரிவு 8(2) அப்படியே இருக்கிறதே, பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாமே என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். ‘கொடுக்கலாம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கீழ்நிலை அலுவலர் துணிந்து கொடுப்பார் என்று அந்த மேசையில் உட்கார்ந்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் கொடுக்காவிட்டால் அதிகபட்சம் 25,000 ரூபாய், அதுவும் விழுவதில்லை. மறுபக்கம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசும் ஒரு தரவுச் சட்டம். அது துறைக்குத்தான், உங்கள் சம்பளத்தில் வராது என்று யார் விளக்கினாலும் அவர் கை நடுங்கத்தான் செய்யும். பழைய பிரிவு இருந்தபோதே இந்த வாசலை மறுப்புக்குப் பயன்படுத்தினார்கள். 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் ஓர் அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, அவருடைய சொத்து விவரம் ஆகியவை தனிப்பட்ட விவரங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தத் தீர்ப்பு எண்ணையே அச்சடித்தது போல எழுதினோம். இப்போது வாசலை அகலமாகவே திறந்துவிட்டார்கள். பழைய வாசகம் அப்படியே திரும்ப வர வேண்டும், அந்தக் கடைசி வரியோடு.

இனி, கேட்காமலே கொடுப்பது. பிரிவு 4-இல் ஒவ்வோர் அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவை என்று 17 இனங்கள் இருக்கின்றன: செலவுத் திட்டம், மானியம் பெற்றோர் விவரம், அனுமதி பெற்றோர் விவரம் என்று. சட்டம் வந்த 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை. பல அலுவலக இணையதளங்களில் இன்றும் ஓய்வு பெற்றுப் போனவரின் பெயர்தான் தகவல் அலுவலர் என்று இருக்கிறது. செய்யாவிட்டால் யாருக்கும் அபராதம் கிடையாது என்பதுதான் காரணம். பிரிவு 4 நடக்கிறதா என்று ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்காணிக்கும் கையில் தண்டிக்கும் அதிகாரமும் வேண்டும்.

எதை வெளியிட்டால் பலன் இருக்கும் என்பதற்கு உங்கள் சாலையையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பொதுப்பணிக்கும் அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. எம்.புக் என்பார்கள். நீளம், அகலம், கனம், மொத்தம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஓவர்சியர் அளந்து எழுத, பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அதை வைத்துத்தான் பில் பாஸாகும். போன ஆண்டு எங்கள் பக்கத்தில் ஒரு தெருவுக்கு எம்.புக் நகல் வாங்கினோம். நீளம் 60 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர்; மொத்தம் 27 கனமீட்டர் கான்கிரீட். குடிநீர்க் குழாய்க்காக ஒரு வீட்டு வாசலில் சாலையை உடைத்திருந்தார்கள். அந்த வெட்டு வாயில் டேப்பை வைத்துப் பார்த்தோம். 10 சென்டிமீட்டர். கனம் தெரு முழுக்க அவ்வளவுதான் என்றால் 18 கனமீட்டர். மிச்சம் 9 கனமீட்டர் கான்கிரீட் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்த டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

அந்த ஒரு பக்கத்தை வாங்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. சாலை போட்டு முடித்த மறுநாளே அது பேரூராட்சி வாசலில் ஒட்டப்பட்டிருந்தால் ஆர்.டி.ஐ. மனுவே வேண்டாம். இலங்கைச் சட்டத்தின் பிரிவு 9-இன்படி, உள்நாட்டு நிதியில் 5 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமென்றால் வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். ராஜஸ்தான் 2019-இல் ஜன் சூச்னா என்ற இணையதளம் திறந்து ரேஷன், ஓய்வூதியம் முதலிய விவரங்களைப் பஞ்சாயத்து வாரியாகப் போட்டது. முடியாத காரியம் ஒன்றுமில்லை.

ஆர்.டி.ஐ. போட்டு மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே என்றும் கேட்பீர்கள். உண்மைதான், அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கட்டட அனுமதிக் கோப்பைக் கேட்பது, பிறகு கட்டடக்காரரிடம் போய் நிற்பது. இதைக் காட்டித்தான் மனுக்களுக்குக் கட்டுப்பாடு கேட்கிறார்கள். கர்நாடகத்தில் 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஒரு மனுவில் ஒரே பொருள்தான் என்று விதியே இருக்கிறது. அது ஏழைக்குத்தான் தடை. கொடுத்த ஒவ்வொரு பதிலையும் அலுவலகமே இணையத்தில் போட்டுவிட்டால், மிரட்டுகிறவனிடம் விற்க என்ன சரக்கு மிஞ்சும்?

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவு 24-இல் உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. மாநிலங்களும் தங்கள் அமைப்புகளைச் சேர்க்கலாம். அதை வைத்து 2008-இல் தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே விலக்குக் கொடுத்தார்கள். ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் விலக்கு செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்வதால் முழுக்கக் கதவு மூடவில்லை. ஆறு தேசியக் கட்சிகள் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் முடிவு சொன்னது. கட்சிகள் ஏற்று நடக்கவில்லை. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை வைத்துத்தான் என்பதை நினைத்தால், கட்சிகளைச் சட்டத்திலேயே பெயர் சொல்லிச் சேர்ப்பது நெடுநாள் கடன். ‘கோப்பு காணவில்லை’ என்பது சட்டத்தில் உள்ள விலக்கு அல்ல என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொலைத்தவர்மேல் கட்டாய விசாரணை என்பதைச் சட்டத்தில் எழுத வேண்டும். பிரிட்டனில், மனு வந்த பிறகு வேண்டுமென்றே ஆவணத்தை அழிப்பது குற்ற வழக்கு.

மனுதாரர்களின் உயிரைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. 2010 ஜனவரியில் புனே அருகே தலேகாவில் நில மோசடிகளைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் கிர் காட்டருகே நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அகமதாபாத்தில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மட்டும் வெளியிடவில்லை. அதை வெளியிட ஒரு நாள் போதும். மனுதாரர் தாக்கப்பட்டால் அவர் கேட்ட தகவல் முழுவதும் உடனே பொதுவில் வர வேண்டும் என்ற ஒரு விதியையும் சேர்த்தால், அவரை அடித்து யாருக்கும் லாபமில்லை என்றாகிவிடும்.

திருத்தினால் மாறுமா என்று கேட்டீர்கள். மாறும். 2006-இல் எங்கள் அலுவலகத்தில் மாறியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு விதவை உதவித்தொகை மனு எட்டு மாதமாக ஒரு சீட்டில் கிடந்தது. அந்தம்மாவின் மகன் ‘என் தாயாரின் மனு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, அவர் பெயர், பதவி’ என்று ஆர்.டி.ஐ.யில் கேட்டார். நான் பதில் எழுதி முடிக்கும் முன்பே உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. அந்த எழுத்தர் கெட்டவர் அல்ல. தன் பெயர் வெளியே வரும், சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று தெரிந்ததும் கோப்பு நகர்ந்தது, அவ்வளவுதான்.

உங்கள் மனுவுக்கு வருகிறேன். முதல் மேல்முறையீட்டுக்கு முடிவு சொல்ல வேண்டிய நாளில் இருந்து 90 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக வேண்டும். அதில் தகவல் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். பிரிவு 7(6)-இன்படி கெடு தாண்டியதால் நகல்களைக் கட்டணமில்லாமல் தர உத்தரவிடுங்கள், பிரிவு 20(1)-இன்படி அபராதம் விதியுங்கள், பிரிவு 19(8)-இன்படி எனக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வழங்குங்கள் என்று மூன்றையும் தனித்தனிப் பத்தியாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் பெரும்பாலும் கொடுப்பதில்லை. மனு, மேல்முறையீடு, தபால் ஒப்புகை எல்லாவற்றின் நகலையும் தேதி வரிசையில் கோத்து வையுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பிரிவு 2(ஜே)-இல் தகவல் உரிமை என்பதில் பணியை நேரில் பார்வையிடுவதும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் சேர்ந்தே இருக்கிறது. சாலையின் எம்.புக், பில், பணி ஆணை மூன்றையும் பார்வையிடவும், சாலையில் இருந்து சான்றிட்ட மாதிரி எடுக்கவும் இன்னொரு மனு போடுங்கள். இப்போதே போடலாம், பழைய மனு நிலுவையில் இருப்பது தடையில்லை. நான்கைந்து தெருக்காரர்கள் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. உங்கள் தெருவில் எங்காவது குழாய்க்காக உடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். டேப்போடு போய், வெட்டு வாயில் வைத்துப் படமெடுத்து, தேதி போட்டு வையுங்கள். இரண்டாம் மேல்முறையீட்டு வரைவை எழுதி எனக்கு அனுப்புங்கள். தேதிகளைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.